இன்ஜின் இல்லாத ஸ்கூட்டருக்கு ஒரு ஹெல்மெட்

மாநகர மன்றத்தில் யார் பேசினாலும், அது நாலு பேர் காதில் விழ வேண்டுமென்றால் மைக்செட்காரர் மனசு வைக்க வேண்டும். அரங்கின் பின்சுவரில், மாடி உயரத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் அவர், மேசை நிறையத் திருகுகள், சுழலாத ஒரு சுழல் நாற்காலி, சுழன்றாலும் காற்று வராத ஒரு மின்விசிறி. அவைத்தலைவி தலையசைத்தால் இவர் அந்த உறுப்பினரின் மைக்கைத் திறப்பார். மேசைமேல் குட்டிச் சிவப்பு விளக்கு எரியும். உறுப்பினர் பேசுவார். அவைத்தலைவி கையைக் காட்டினால் இவர் மூடுவார். உறுப்பினர் அப்போதும் பேசிக்கொண்டிருப்பார். அது அவருடைய சொந்த விவகாரம்.

இந்த ஏற்பாட்டால் மன்றத்தில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். வாசலில் ஜனநாயகம் என்று கல்லில் வெட்டி வைத்திருப்பது இதைத்தான் என்று மைக்செட்காரர் மனப்பூர்வமாக நம்பினார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருடைய கீழ்த்தாடையில் வலது பாதியையும் அதை ஒட்டி நாக்கில் கொஞ்சத்தையும் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். “சுத்தமா எடுத்தாச்சு” என்று பெரிய டாக்டர் கைகுலுக்கினார். இவருக்கும் சந்தோஷம்தான், கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்க்கிற வரைக்கும். எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. முகம் ஒரு பக்கம் உள்வாங்கி, வாய் கோணி, எச்சில் தன் இஷ்டத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. பேச்சு, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அது முழுசாகப் புரிந்தது மனைவிக்கு மட்டும். கல்யாணம் ஆனதிலிருந்து இப்போதுதான் இந்த மனுஷன் சொல்வதை உன்னிப்பாகக் கேட்கிறேன் என்று அந்த அம்மாள் தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். தம்பிதான் அழுதான்.

வேலைக்குத் திரும்பிய புதிதில் மைக்செட்காரர் முகத்தை மூடாமல்தான் பஸ்ஸில் போனார். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. திடீரென்று எல்லோருக்கும் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிற வேலை வந்துவிடும். ஒரு நாள் ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணை மெதுவாகப் பொத்தினாள், வெயில் படாமல் பொத்துகிறவளைப் போல. அன்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தவர், பத்து நாள் வாசல் பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் மனைவி அவருடைய பழைய சட்டை ஒன்றை வெட்டி, நாலாக மடித்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் நாடா போட்டுக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு சட்டைக்கும் பொருத்தமாக ஒரு முகத்துணி. நீலச் சட்டைக்கு நீலம், கட்டம் போட்டதற்குக் கட்டம். செருப்பும் அதே நிறத்தில் போட்டால் இரண்டாம் கல்யாணத்துக்குப் போகிறார் என்று ஊரே சொல்லும் என்று கேலி வேறு. துணி கட்டிக்கொண்டு போன முதல் நாள் பஸ்ஸில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் அவர் தோளில் சாய்ந்து தூங்கவே செய்தான். தன்னை யாரும் பார்க்காமல் இருப்பது என்கிற அந்த ஒரு மரியாதைக்கு மேல் இந்த நகரத்திடம் அவர் எதையும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில்தான் தீர்மானக்காரரின் செல்போன் பறிபோனது.

எல்லாவற்றுக்கும் ஒரு தீர்மானம் கொண்டுவருகிற உறுப்பினர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சிக்னலில் கார்க் கண்ணாடியை இறக்கி, நகரத்தின் சட்டம் ஒழுங்கு பற்றி யாரிடமோ பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் பேச்சை முடித்து வைத்தார்கள். கேமராவில் பார்த்தால் இரண்டு பேரும் ஹெல்மெட். ஹெல்மெட்டைத் தடை செய்ய வழியில்லை. போன வருடம்தான் அதைக் கட்டாயமாக்க இதே தீர்மானக்காரர் தொண்டை வறளப் பேசியிருந்தார். ஆகவே ஹெல்மெட்டைத் தவிர மற்ற எதனாலும் பொது இடத்தில் யாரும் முகத்தை மூடக் கூடாது என்று ஒரு தீர்மானத்தை எழுதி வந்தார்.

விவாதம் மிகவும் உயர்ந்த தரத்தில் நடந்தது. குற்றம் செய்கிறவன் முகத்தை மூடுகிறான், ஆகவே முகத்தை மூடுகிறவன் என்று ஆரம்பித்த தீர்மானக்காரர், மிச்சத்தை மன்றம் முடித்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தினார். மன்றம் மேசையைத் தட்டியது. எதிர்த்துப் பேச எழுந்தவர், எப்போதும் மூன்று கேள்விகள் கேட்கப் போவதாக அறிவித்துவிட்டு இரண்டாவதை எட்டாமலேயே உட்காருகிறவர். அன்றும் முதல் கேள்வியிலேயே மனித சுதந்திரத்தின் வரலாற்றுக்குள் நுழைந்து, குகைகளிலிருந்து வெளியே வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சில வீட்டுப் பெண்கள் முகம் மறைத்துப் போகிற வழக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அதைச் சொல்லாமல் பண்போடு கொசு, தூசி, வெயில் பற்றிப் பேசினார்கள்.

இவர்கள் அத்தனை பேருக்கும் மைக்கைத் திறந்து மூடியவர் நம்முடைய ஆள்தான். தீர்மானக்காரருக்குக் குரல் கொஞ்சம் அடைத்த குரல். ஒரு திருகை லேசாகத் திருகி அதைக் கணீரென்று ஆக்கிக் கொடுப்பது மைக்செட்காரரின் பழக்கம். அன்றும் கொடுத்தார். தன் வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறவருக்குச் சாவியைத் துடைத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தாலும், தொழில் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அறிவித்தார்கள். மைக்செட்காரர் பெயர் கொடுத்தார். வீட்டில் ஒரு வாரமாக ஒத்திகை. அவர் நாக்குக்கு வராத சொற்களையெல்லாம் மனைவி ஒவ்வொன்றாக நீக்கினார். தீர்மானம் என்கிற சொல்லே வரவில்லை. சரி, அதன் பெயரைச் சொல்லாமலே அதை எதிர்ப்பது என்று முடிவாயிற்று. கடைசியில் அரைகுறையாகவாவது வரக்கூடிய நாலைந்து வாக்கியம் மிஞ்சியது. முகத்தை மூடாமல் என்னால் வெளியே வர முடியாது. வெளியே வராமல் வேலைக்கு வர முடியாது. எனக்கு வேறு ஆசை இல்லை. விட்டுவிடுங்கள்.

அவர் முறை வந்ததும் மாடியிலிருந்து இறங்கி, பொதுமக்கள் பேசுகிற மேடையில் நின்று, துணியை ஒரு தடவை சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார். ஒரு சத்தமும் வரவில்லை. மைக்கில் விளக்கு எரியவில்லை. அவைத்தலைவி எரிச்சலோடு மாடியைப் பார்த்தார்.

“மைக்செட்காரர் எங்கே போய்த் தொலைஞ்சார்? கூப்பிடுங்க அவரை.”

“அவர்தாங்கம்மா இது” என்றார் மன்றச் சேவகர்.

இத்தனை வருடங்களில் யார் பேசினாலும் மைக் தானாகத் திறந்திருக்கும் என்று மன்றம் நினைத்திருந்தது சகஜம். மைக்செட்காரரே அப்படி நினைத்துவிட்டதுதான் ஆச்சரியம். அத்தனை ஒத்திகையில் இந்த ஒன்று புருஷனுக்கும் தோன்றவில்லை, பெண்டாட்டிக்கும் தோன்றவில்லை. அவர் படியேறிப் போய் மைக்கைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தார். கடிகாரம் அதற்காக நிற்கவில்லை.

இப்போது சத்தம் வந்தது. சொல் வரவில்லை. மூச்சிரைப்பும் துணியும் குறை நாக்கும் சேர்ந்து, ஒரு வாரம் பொறுக்கி எடுத்த வாக்கியங்களைக் கூழாக்கிவிட்டன. பார்வையாளர் வரிசையில் மனைவி எழுந்து, அவர் சொல்வது தனக்குப் புரிகிறது, தான் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று அவைத்தலைவி விதியைச் சொன்னார்.

தீர்மானக்காரர் கெட்டவர் இல்லை. உதவி செய்கிற எண்ணத்தோடுதான் எழுந்தார்.

“அந்தத் துணியை எடுத்துட்டுப் பேசுங்களேன். எங்களுக்கும் தெளிவா இருக்கும்.”

மைக்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நாடாவை அவிழ்த்தார்.

மன்றத்தில் அப்படி ஒரு அமைதியை எந்தத் தலைவரின் மறைவுக்கும் யாரும் கண்டதில்லை. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் டம்ளரை எடுத்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கேள்விக்காரரிடம் அன்று ஒரு கேள்வியும் இல்லை. மைக்செட்காரர் பேசினார். துணி இல்லாததால் உண்மையிலேயே கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

“போதும்” என்றார் அவைத்தலைவி. “போட்டுக்குங்க. அதைப் போட்டுக்குங்க முதல்ல.”

அவர் எதிரில் இருந்த மைக்கும் திறந்திருந்தது. அரங்கிலும் வராந்தாவிலும் கேன்டீனிலும் இருந்த எல்லா ஒலிபெருக்கியிலும் அந்த வார்த்தை கணீரென்று போனது. மைக்செட்காரர் நாடாவைக் கட்டினார். மன்றம் மூச்சு விட்டது. ஓட்டெடுப்பு நடந்தது. பொது இடத்தில் முகத்தை மூடக் கூடாது என்பது பெரும்பான்மையோடு நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் ஒருவர் டீ கேட்பதற்காகத் தூக்கியதாகப் பின்னால் தெரிந்தது.

நோயாளிகளை மன்றம் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தக்க காரணம் உள்ளவர்கள் முகத்தை மூடலாம், காவலர் கேட்டால் காரணத்தைக் காட்ட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மைக்செட்காரரின் காரணம் துணிக்குக் கீழே இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு காவலருக்குக் காட்டினார். பஸ்ஸிலேயே இன்னொருவருக்கு. சந்தையருகே நின்றவர் பார்த்துவிட்டுப் பாவம் என்று சொன்னார், மறுநாள் பணி மாறி வேறொருவர் நின்றார். முன்பெல்லாம் பஸ்ஸில் தற்செயலாகப் பார்த்தவர்கள்தான்; இப்போது ஒரு காவலர் நிறுத்தினால் சுற்றி ஒரு கும்பல் கூடி, திருடன் பிடிபட்டான் என்று எட்டிப் பார்த்தது. பார்த்ததும் கலைந்தது.

மச்சினன்தான் யோசனை சொன்னான். ஹெல்மெட் போட்டுக்கொண்டால் யார் கேட்பது? கேட்டார்கள். பஸ்ஸில் எதற்கு ஹெல்மெட், வண்டி எங்கே என்று கேட்டார்கள். வண்டியோடு இருந்தால்தான் ஹெல்மெட், வண்டி இல்லாவிட்டால் அது முகமூடி. சட்டம் அந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது.

மச்சினன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. இன்ஜினை எப்போதோ கழற்றி விற்றாகிவிட்டது.

“மாமா, இது ஓடாது” என்றான்.

“நான் மட்டும் ஓடறேனா?” என்றார். மனைவி அதை மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு மச்சினன் சிரித்தான்.

மறுநாளிலிருந்து மைக்செட்காரர் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே மன்றத்துக்குப் போனார். பஸ்ஸில் அரை மணி நேரமான பாதை இப்போது காலைப் பொழுதில் பாதியைத் தின்றது. வியர்வையும் எச்சிலும் ஹெல்மெட்டுக்குள் ஊறின. காவலர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று அனுதாபத்தோடு கேட்டார்கள், தலையாட்டினார். தினமும் பெட்ரோல் தீர்ந்துபோகிற அந்த மனிதரை நகரமே அறிந்திருந்தது. முகம் மட்டும் தெரியாது. அது போதும் என்று அவர் இருந்தார். முழங்கால் வீங்கியது. சாயங்காலம் மனைவி ஒத்தடம் கொடுத்தபடி, இந்த வயதில் புருஷன் வண்டி பழகுகிறார் என்று சொல்லிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, சிரித்தாலும் இப்போதெல்லாம் தெரிவதில்லை.

பிறகு ஒரு நாள் கூட்டம் முடிந்து கீழே வந்தால் ஸ்கூட்டரைக் காணோம்.

மன்ற வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஒரு ஆள் வருகிறான். ஹெல்மெட் இல்லை, துணி இல்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட திருடன். ஸ்கூட்டரை உதைத்துப் பார்க்கிறான், நொந்துகொள்கிறான், விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் உருட்டிக்கொண்டே போகிறான். ஒரு தடவை கேமராவை நேராகப் பார்க்கிறான். தீர்மானக்காரர் அந்தக் காட்சியை மன்றத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முகம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்று மேசைகள் தட்டப்பட்டன. அது யாருடைய முகம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மைக்செட்காரர் வரவில்லை. ஸ்கூட்டர் போன அன்று மச்சினன் அவர் பேரில் ஒரு புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வண்டி வைத்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டதோடு சரி. இப்போது உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்; எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாருக்கும் குறையில்லை. மனைவி ஒரு கடையில் வேலைக்குப் போகிறார். மிச்சமிருந்த முகத்துணிகளில் கட்டம் போட்டதைப் பாத்திரம் துடைக்க எடுத்துக்கொண்டார். நீலத்தை மட்டும் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சந்தேகத்தில் நாலு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவர் என்ற முறையில் அவர் நேரில் வந்து முகத்தைப் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். வேறு யாரும் அவருக்குப் பதிலாக வரக் கூடாது. ஸ்டேஷன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம்தான், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று எழுத்தர் மரியாதையாகவே சொன்னார். மனைவி போனைக் காதில் வைத்தபடி கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

புகார் கொடுத்தவர் முகம் காட்டவில்லை என்று எழுதி வழக்கை முடித்தார்கள். நாலு பேரும் அன்று சாயங்காலமே வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனார்கள்.