சர்க்கார் வக்கீல் வீட்டில் எங்கள் தட்டு

பூந்தமல்லியில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் அந்தச் சர்க்கார் வக்கீல் குடியிருந்தார். கோர்ட்டில் எங்கள் பக்கம் பேச வேண்டியவரும் அவர்தான். திருமழிசையில் வேலை முடிந்து சைக்கிளில் வந்த அப்பாவை ஒரு லாரி இடித்து, ஒரு கால் போய்விட்டது. அவர் குடித்துவிட்டு வந்து தானாகவே விழுந்தார் என்று டிரைவர் சொல்லிவிட்டான். சாராய வாடையே ஆகாத மனிதர். "காலு போனது போவட்டும். நான் குடிக்கலன்னு கோர்ட்டுல சொன்னா போதும்" என்பதுதான் அப்போது அவருடைய ஒரே பேச்சு.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் கொடுத்தோம். அம்மா வக்கீல் வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்பினாள். எவர்சில்வர் தட்டு, விளிம்பில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். பொங்கல் வந்து போயிற்று. தட்டு வரவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. வக்கீல் மேல் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் விசாரணையாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, மற்றபடி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. லாரி முதலாளியிடம் வாங்கிவிட்டார் என்றார் டீக்கடைக்காரர். கேட்டுக் கொதித்துப் போனேன். மறுநாள் அதே ஆள், வாங்க மறுத்ததால்தான் முதலாளி மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான் என்றார். வக்கீல் வாசலில் அம்பாசடர் நின்றால் போலீஸ் வந்திருக்கிறது. நிற்காவிட்டால் மறைந்திருந்து பார்க்கிறது. காலையில் அவரைத் திட்டினேன், மாலையில் பரிதாபப்பட்டேன். எதை நம்புவதென்றே எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்குத் தட்டுக் கவலை. "ரெய்டு வந்தா ஒவ்வொரு சாமானா பாப்பாங்களாம். உங்கப்பா பேரு போட்ட தட்டு இந்தூட்டுல இன்னா பண்ணுதுன்னு கேட்டா? கேஸே பூடும்டி. போய் வாங்கியாந்துடு."

பலகாரம் கொடுத்த தட்டைத் திருப்பிக் கேட்பதைப்போல அசிங்கம் வேறில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வக்கீலின் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெறுந்தட்டா எப்படிம்மா கொடுக்கறது? ஊர்ல மாமனார் தவறிட்டார். இந்த வருஷம் பண்டிகை இல்ல, பலகாரமும் செய்யல. அதான் அப்படியே வெச்சிருந்தேன்" என்றார். அப்படியானால் அந்த அம்பாசடர்கள் துக்கம் கேட்க வந்தவையா? அவர் உள்ளே போய்த் தட்டு நிறையச் சர்க்கரை கொட்டி, சிந்தாமலிருக்க ஒரு துணியால் மூடித் தந்தார்.

ஊரே கண் வைத்திருந்த வீட்டிலிருந்து, பட்டப்பகலில், மூடிய தட்டோடு படியிறங்கினேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் இருந்தது. இஸ்திரி வண்டிக்காரர் கையிலிருந்த பெட்டியைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். சாயங்காலம் குழாயடியில் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்ளோ குட்த்து வச்சிருந்தீங்க? மாட்டிக்குவோம்னு பயந்துகினு அவரே திருப்பிக் குட்த்துட்டாராமே?"

"அது சர்க்கரைதான்க்கா!"

"ஆமாமா, சர்க்கரைதான்" என்று கண்ணைச் சிமிட்டினாள். குடத்தோடு தண்ணீரை அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று ஆத்திரமாக வந்தது.

ரெய்டு வரவே இல்லை. எங்கள் கேஸை அந்த வக்கீலே நடத்தி முடித்தார். டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது. அப்பா குடித்திருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று நீதிபதி வாசித்தபோது, கட்டையை ஊன்றி நின்றிருந்த அப்பா அழுதுவிட்டார். கொஞ்ச நாளில் வக்கீலுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அது தண்டனையா பதவி உயர்வா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொன்ன அதே வாய்கள், கொடுத்த பணம் வேலை செய்துவிட்டது என்றன. குடிக்காத மனிதர் குடிக்கவில்லை என்பதைக் காசு கொடுத்து வாங்கினாராம். கோர்ட் நம்பியதை எங்கள் தெரு நம்பவில்லை.

ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அந்தத் தட்டுல நெசமாவே சர்க்கரைதானே கண்ணு இருந்துச்சு?"

"சர்க்கரைதாம்ப்பா. அதுலதானே உனக்கு டீ போட்டுக் குடுத்தோம்."

சரி என்று தலையாட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.