மூன்று பழைய பெட்டிகளும் ஒரு மகுடியும்

வாடகைக்குக் கீபோர்டு கொடுக்கிற தொழிலில், எடுத்துப் போக இசைக்குழு முதலாளியே சிரித்துக்கொண்டு வருவார். திருப்பிக் கொடுக்க ஆட்டோக்காரர்தான் வருவார். வாடகைப் பாத்திரமோ வாடகை சைக்கிளோ வாடகை மைக் செட்டோ கொடுத்தனுப்பிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் கடை நாகல் நகரில். எங்கள் கடை என்றால் என் அண்ணன் ஆரோக்கியத்தின் கடை. நான் ஸ்டெல்லா, பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள். படிப்பு வரவில்லை, அம்புட்டுதான். அதற்குக் காரணம் கேட்டு யாரும் இரக்கப்பட வேண்டாம். எனக்கு வந்தது கீபோர்டு. மாதா கோயில் ஆர்மோனியத்தில் ஆரம்பித்து ரெண்டு கையாலும் நன்றாகவே வாசிப்பேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சுற்று வட்டாரத் திருவிழாக்களுக்குப் பாடப் போகிற மெல்லிசைக் குழுத் தலைவர் துரைராஜ் நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மெமரி கீபோர்டு சொந்தமாக வைத்திருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மெமரி கீபோர்டு என்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின். யோசிக்கிற வேலையே கிடையாது.

அண்ணனும் வாங்கித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். அதற்குள் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊரைக் காலி செய்துகொண்டு போனார். அவர் வீட்டுப் பியானோவை ரிப்பேர் பார்க்கப் போன அண்ணன், என் கீபோர்டுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து மூன்று பழைய பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நான் போட்ட சண்டையில் கடைசியாக ஒரு வாக்குக் கொடுத்தான். மூன்றில் ஒன்றை நான் விற்றுவிட்டால் அந்தப் பணத்தில் எனக்குப் புதுசு. இனிமேல் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த வியாபாரம் நடந்த லட்சணம்.

கேரட்டோடு வந்தவை

பெட்டிகள் கேரட் லாரியில் வந்து இறங்கின. முதலாவது ஆர்கன். பீரோவைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே சக்கரங்கள் சுற்றித்தான் சத்தமே வரும். இரண்டாவதில் விரல் வைக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப் இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அந்த டேப்பில் பதிந்திருக்கிற வயலின் கேட்கும். மூன்றாவது மரச்சட்டம் போட்ட சிந்தசைசர், முகம் முழுக்கத் திருகுகள். மூன்றுமே நம் ஊர்க் கரண்டுக்கு ஒத்துவராது என்பதால் இடையில் போட டிரான்ஸ்பார்மர் ஒன்றும் கூடவே வந்தது. அது தனிக் கனம்.

லாரியில் வந்த சுமைக்காரர்கள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். முருங்கைக்காய்க் கட்டையும் முட்டைக்கோஸ் மூட்டையையும் பூப்போலத் தூக்குகிற ஆட்கள், ஆர்கனை இறக்கி வைத்துவிட்டுப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதில் மூத்தவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, இத்தன கனத்துக்கு அதுவாவே நடந்து வரோணுமுங்க."

பாடுகிறவர் வரவில்லை

அண்ணனுக்கு இந்தப் பெட்டிகள் மேல் ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்பீர்கள். புரோகிரசிவ் ராக் என்று ஒரு பாட்டு வகை. அந்த வாத்தியார் கொடுத்த கேசட்டுகள். ஒரு பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். எழுபதுகளில் அந்தப் பாட்டுக்காரர்கள் இந்த மாதிரிப் பெட்டிகளை நாலு பக்கமும் அடுக்கிவைத்து, நடுவில் நின்று வாசிப்பார்களாம். சத்தம் நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். முடியத்தான் முடியாது.

உரக்கடைக்காரர் ஒருவர் மகளுக்குக் கீபோர்டு பார்க்க வந்தார். புதுசு விலை கட்டாது, பழசு இருந்தால் தேவலை என்றார். நான் சிந்தசைசரைக் காட்டி, கிட்டத்தட்டப் பேசி முடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் டீக்கடையிலிருந்து வந்தான். பெட்டியின் பெருமை அவருக்குத் தெரிய வேண்டுமாம். கேசட்டைப் போட்டான். பாவம், மரியாதையான மனிதர். துண்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆர்கன் போய், டிரம்ஸ் போய், திரும்ப ஆர்கன் வந்தபோது மெதுவாக எழுந்தார். "தம்பி, பாடுறவரு வரச் சொணங்கும் போலருக்கு. நான் செத்த நேரம் கழிச்சு வாரேன்."

கோயில் மாடிப்படி

ஆர்கனை எப்படியும் ஒரு மாதா கோயிலுக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஞானப்பிரகாசம் சார் வந்து தொட்டுப் பார்த்தார், கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனால் அவர்கள் கோயிலில் பாடகர் குழு நிற்பது மேல்மாடியில். படி சுழன்று சுழன்று போகும், ஒரு ஆள் ஏறவே ஒருக்களிக்க வேண்டும். ஆர்கனுக்காகக் கோயிலை இடிக்க முடியாது என்பதை அவரே ஒத்துக்கொண்டார்.

விடுவேனா? அதற்குப் பதில் சிந்தசைசரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்குக் கொண்டுபோங்கள், பிடித்திருந்தால் விலை பேசலாம் என்றேன். அந்தப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் கேட்கும். இன்னொரு கட்டையையும் சேர்த்து அழுத்தினால், ஒன்று கேட்கும், மற்றது வாயை மூடிக்கொள்ளும். அதன் சுபாவம் அது, ரிப்பேர் இல்லை. இதை நான் அவரிடம் நன்றாகவே சொன்னேன், அவரும் தலையாட்டினார். திங்கட்கிழமை ஆட்டோக்காரரை அனுப்பாமல் அவரே பெட்டியோடு வந்தார், அந்த மட்டுக்கும் நல்லவர். "நாலு விரலு வச்சா நாலும் கேக்கணும்மா. மூணு விரலு சும்மா கெடக்க நான் எதுக்கு வாடகை குடுக்கணும்?"

சோகப் பாட்டு

டேப் பெட்டியைக் கேட்டு வந்தது வேடசந்தூர்ப் பக்கத்து இசைக்குழு ஒன்று. சோகப் பாட்டுக்கு வயலின் ஆள் கிடைப்பதில்லை, வந்தாலும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். நான் ஒரு கட்டையை அழுத்தினேன். பத்துப் பேர் சேர்ந்து வயலின் இழுக்கிற மாதிரி வந்தது. பாடகர் தம்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அங்கேயே சரணத்தை எடுத்துப் பாடினார், நானும் பின்னாலேயே வாசித்தேன். 'அம்மா' என்று ஒரு இடத்தில் அவர் நீட்டினார். நானும் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். டேப் தீர்ந்து, வயலின் கத்தரித்த மாதிரி நின்றுபோனது. உள்ளே இருப்பது துண்டு டேப்தானே, எவ்வளவு நேரம் ஓடும்? விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னால் இழுக்கும், அப்புறம் மறுபடி அழுத்த வேண்டும். அவர் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு வாயை மூடிப் பெட்டியைப் பார்த்தார். "நான் அழுது முடிக்கிறதுக்குள்ள இது முடிச்சிருதே, பாப்பா."

பூஜையன்று நடந்தது

உண்மையாகவே வாங்குகிற ஆளும் ஒருவர் வந்தார். வத்தலக்குண்டில் கடைகளுக்கு விளம்பரக் கேசட் பதிவு செய்து கொடுக்கிறவர். தள்ளுபடி அறிவிப்புக்கு நடுவில் போட அவருக்குக் காற்று அடிக்கிற சத்தம், சைரன், ராக்கெட் கிளம்புகிற சத்தம் எல்லாம் வேண்டும். சிந்தசைசர் அதற்கென்றே செய்த மாதிரி. ஆயுத பூஜை கழித்து மறுநாள் பணத்தோடு வருகிறேன் என்றார்.

அந்தப் பெட்டிக்கு மெமரி கிடையாது. திருகுகளை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதுதான் சத்தம். ஒன்று நகர்ந்தாலும் போச்சு. அதனால் நான் ராப்பகலாகத் திருகிக் கண்டுபிடித்த இடங்களையெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அடையாளம் வைத்தேன். காற்றுக்குச் சிவப்பு, சைரனுக்குப் பச்சை, ராக்கெட்டுக்குக் கறுப்பு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் கடையில் உண்டு. அண்ணனோடு கூட்டாளியாக இருந்து டிரம்ஸ் வாடகைக்கு விடும் செல்லப்பாண்டி அதை விடவே மாட்டான். ஈரத்துணியால் எல்லாப் பெட்டியையும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, எனக்கும் ஒரு தொன்னை எடுத்து வைத்திருந்தான்.

மறுநாள் வத்தலக்குண்டுக்காரர் வந்தார். சிவப்புக்குத் திருப்பினேன். காற்றுக்குப் பதில் எருமை கத்தியது. பச்சைக்குத் திருப்பினேன். ஒன்றுமே வரவில்லை, குங்குமம்தான் உதிர்ந்தது. அவர் பணத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் போனதும் செல்லப்பாண்டியைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் அசையவில்லை. "கோணலும் மாணலுமா ஒட்டி வச்சிருந்தே. நான்தான் அம்புட்டுப் பொட்டையும் உரிச்சு வரிசையா ஒட்டினேன். இப்பப் பாரு, லட்சணமா இருக்கா இல்லியா?"

அம்மன் கேட்டது

அதற்கப்புறம் செல்லப்பாண்டியோடு நான் பேசவில்லை. பிரஷ் வைத்துக் குங்குமத்தைக் கிளறி எடுத்து, போன சத்தங்களை மறுபடி தேடினேன். காற்று கிடைக்கவில்லை, சைரன் கிடைக்கவில்லை. நடுவில் வேறொன்று மாட்டியது. ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சத்தம் தாவாமல் வழுக்கிக்கொண்டே போனது, பாம்பாட்டி ஊதுகிற மகுடி மாதிரி. இந்தத் தடவை நெயில் பாலிஷால் அடையாளம் வைத்தேன். உரிக்க முடியாது பாருங்கள்.

மாசி மாதம் துரைராஜ் வேர்த்துப்போய்க் கடைக்கு வந்தார். அவருடைய கீபோர்டு ஆளுக்கு மஞ்சள் காமாலை. காந்திகிராமம் தாண்டி ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் கச்சேரி, முன்பணம் வாங்கியாயிற்று. எங்கள் கடையிலும் திருவிழாச் சமயத்தில் எல்லாக் கீபோர்டும் வெளியே போயிருந்தது. நான் சிந்தசைசரோடு வருகிறேன், மீதியைக் கிடார் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவருக்கு வேறு வழியில்லை. எனக்கும்தான். நான் வாசிப்பதை மேடையில் வைத்து ஒருமுறை கேட்டுவிட்டால், புதுக் கீபோர்டு இல்லாமலே சேர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. அந்தப் பெட்டி சூடேறுகிற வரை சுருதியில் நிற்காது, ஜெனரேட்டர் கரண்டில் சூடேறினாலும் நிற்காது. முதல் பாட்டிலேயே இறங்கியது. நான் இடது கையால் சுருதித் திருகைத் திருப்பிக்கொண்டே வலது கையால் வாசித்தேன். பாடகி என்னை முறைத்தாள். துரைராஜ் மைக்கை மூடிக்கொண்டு கிடார்காரரிடம் ஏதோ சொன்னார். அடுத்த ரெண்டு பாட்டுக்கும் என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தனை சனத்துக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் ரொம்ப நல்லது. முடிந்தது கதை என்று ஒயரைச் சுருட்டுகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

அடுத்தது பாம்பு டான்ஸ். அதற்கு மகுடி வேண்டும். துரைராஜ் என் பக்கம் திரும்பி, வருமா என்று கையைக் காட்டினார். நெயில் பாலிஷ் கோட்டுக்குத் திருகைக் கொண்டுபோய் ஒரு விரலை வைத்தேன். ரெண்டு சுற்றுகூட ஆகவில்லை, மேடைக்கு எதிரில் வளையல் கடை போட்டிருந்த அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு, தலையை விரித்துப்போட்டு ஆடி வந்தார். அடுத்து விழாக் கமிட்டிப் பொருளாளர், வேட்டியும் மோதிரமுமாகத் தரையில் நெளிந்தார். டான்ஸ் பையன் பயந்து ஓரமாக நின்றுவிட்டான். நிறுத்தலாமா என்று பார்த்தேன், துரைராஜ் நிறுத்தாதே என்று கை ஆட்டினார். விரல் மரத்துப்போகும் வரை இழுத்துவிட்டு நிறுத்தினேன். பூசாரி வேப்பிலையோடு வளையல்கார அம்மாவிடம் போய், என்ன வேணும் தாயி, கேளு என்றார். அம்மன் யோசிக்கவே இல்லை: "இன்னொருக்க வாசிக்கச் சொல்லு."

திரும்பும் வழியில்

வாசித்தேன். மூன்று தடவை. கமிட்டிக்காரர்கள் எனக்குத் துண்டு போட்டார்கள், பெட்டிக்கு மாலை போட்டார்கள். வண்டியில் திரும்பும்போது துரைராஜ் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷத்துக்கும் அங்கேயே தேதி கொடுத்துவிட்டார்கள், பக்கத்து ரெண்டு ஊர்க்காரர்களும் வந்து கேட்டார்கள் என்றார். இதுதான் சமயம் என்று என் விஷயத்தைச் சொன்னேன். எந்தப் பாட்டானாலும் ரெண்டு கையாலும் வாசிப்பேன், உங்களுக்கே தெரியும், இந்தப் பெட்டியை விற்றதும் புதுக் கீபோர்டு வாங்கிவிடுவேன் என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தாடி, இதை வித்துராத. பாட்டுக்கெல்லாம் நம்ம ஆளு காமாலை தீந்து வந்துருவான். நீ இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு மகுடிக்கு மட்டும் வா, தாயி."

இப்போது துரைராஜின் கச்சேரி எந்த ஊரில் நடந்தாலும் நானும் மேடையில்தான் இருக்கிறேன். பாம்பு வருகிற வரைக்கும் பத்துப் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே ஒரு விரலைத் தூக்குகிறேன்.