குளியலறை வாசலில் ஒரு பள்ளம்

முப்பத்தாறு வருஷம் சாலைப் பள்ளங்களை மூடிய மேஸ்திரி அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பள்ளத்தார்தான். ஓய்வு பெற்றதும் பள்ளங்கள் தன் வாழ்க்கையை விட்டு ஒழிந்தன என்று அவர் மனைவி நம்பியிருந்தாள்.

நான்கு நாளாக மனிதர் குளியலறைப் பக்கமே போகவில்லை. வாசலுக்குக் குறுக்கே இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு நடுவில் கொடியாக அவளுடைய சிவப்புத் துண்டு. அவசரத்துக்கு அவர் பால்கனிப் பூந்தொட்டியை வைத்துச் சமாளித்தார். தொட்டிக்கு அடியில் ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே வீட்டுச் சொந்தக்காரரின் சாய்வு நாற்காலி.

சொந்தக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே மாடியேறி வந்தார்.

"ஏம்மா, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. எனக்கு மட்டும் மழை பெய்யுதே! இன்னொரு தடவ பெஞ்சுதுன்னா வீட்டக் காலி பண்ணிடுங்க, ஆமா."

கணவருக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருஷமாகிறது. இந்த வீட்டிலேயே சமையலறைக்குப் போகிறேன் என்று அலமாரியைத் திறக்கிறவர், புது வீட்டில் என்ன பாடு படுவார்?

கோபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் காலை எடுத்து வைத்தாள். அவர் பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"கண்ணு தெரியல உனக்கு? விழுந்தா எலும்பு தேறாது!"

திட்ட வாயெடுத்தவள், என்ன தோன்றியதோ, "எவ்வளவு ஆழமுங்க?" என்றாள்.

அவர் குனிந்து அளந்தார். "இடுப்பளவு. குழாய் போடத் தோண்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கானுங்க, போக்கத்தவனுங்க."

அவர் விரல் நீட்டிய இடத்தில், வெள்ளைத் தரையில் ஜம்மென்று கிடந்தது, போன வாரம் மகள் வாங்கி வந்த, கால் துடைக்கும் கறுப்பு மிதியடி. "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. பாக்கறத மூளைதான் மாத்திப் புரிஞ்சுக்குது" என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க போய் டீ குடிங்க. அதுக்குள்ள மூடிடறேன்."

"நீயா? ஜல்லி இருக்கா?"

"இருக்கு."

"தார்?"

"கொதிக்குதுங்க."

மிதியடியைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினாள். திரும்பி வந்தவர் குச்சியால் தட்டினார், ஒற்றைக் காலை வைத்தார், பிறகு இரண்டு காலாலும் குதித்தே பார்த்துவிட்டார்.

"லெவல் பிசகல. நாளையிலேர்ந்து என் ஆளுங்களோட வேலைக்கு வந்துடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அவள் பால்கனிக்கு ஓடினாள்.

"சார், மழை விட்டாச்சு! நாற்காலிய பழைய எடத்துலயே போட்டுக்கங்க!"