கோவளத்தில் மாப்பிள்ளை பார்த்தது

எழுபதுகளின் கடைசி. என் தங்கைக்கு முறைமாப்பிள்ளை ஒருவன் இருந்தான், அத்தை மகன். பத்தாவதில் தவறிவிட்டு, குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கியவன், கோவளத்தில் நிலைத்துவிட்டதாக அத்தை சொன்னாள். தங்கைக்கு அவன்மேல்தான் மனசு. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “பய அங்கன என்ன சோலி பார்க்குறான்னு கண்ணால பார்த்துட்டு வாங்க, பிறகு பேசலாம்” என்று அப்பா என்னையும் சித்தப்பாவையும் அனுப்பினார்.

சொல்லிவிட்டுப் போனால் வீட்டைக் கூட்டி வைத்திருப்பான், சொல்லாமல் போனால்தான் உள்ளது தெரியும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஜீப் திருவனந்தபுரம் போனது. கோழி கூப்பிடுமுன் கம்பம் ஊரில் அதில் ஏறிக்கொண்டோம். மத்தியானம் எங்களைக் கோவளத்தில் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அப்படி ஓர் ஊரை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் வெயிலில் படுத்துக் கிடப்பவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லை குடிகாரன். இங்கே வெள்ளைக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக மணலில் வற்றல் காய்வதுபோலக் கிடந்தார்கள். டீக்கடைக்காரர் நாங்கள் கேட்ட பிறகுதான் கண்விழித்து அடுப்பைப் பற்றவைத்தார். “வயலுமில்ல, வாய்க்காலுமில்ல. இவுகளுக்குப் பொழுது எப்படிலே போகுது?” என்றார் சித்தப்பா.

அத்தை மகனை விசாரித்தோம். டீக்கடைக்காரர் கடலைக் காட்டினார். இடுப்பளவுத் தண்ணீரில், அரைக்கால் டிரவுசரோடு, வெற்றுடம்பாக நின்றிருந்தான். முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, அதன்மேல் ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்திருந்தாள். அலை எழும்பும் நேரம் பார்த்துப் பலகையைத் தள்ளிவிட்டான். அவள் எழுந்து நின்று, கொஞ்சதூரம் அலைமேல் போய் விழுந்தாள். அவன் கைதட்டினான்.

எங்களைக் கண்டதும் ஓடி வந்தான். வெட்கப்படவில்லை. “வாங்க மாமா. வா மாப்ள, ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?” தன் அறைக்குக் கூட்டிப்போனான். நாங்கள் சொல்லாமல் வந்தும் அந்த அறை கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. அவனே சோறு பொங்கி மீன் குழம்பு வைத்தான்.

“ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகையில இந்தப் பலகையைக் குடுத்துட்டுப் போனான் மாமா. விழுந்து விழுந்து நானே படிச்சேன். இப்ப சொல்லிக் குடுக்குறேன். போன மழைக்கு ரெண்டு பேரைக் கடல்லருந்து இழுத்துக் கரை சேர்த்தேன்.” சித்தப்பா கை கழுவப் போன சமயத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “அவ கடல் பார்த்ததில்லையே மாப்ள, பயப்படுவாளோ?”

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

திரும்பும்போது சித்தப்பா சொன்னார்: “ஆயிரம் பொய்யச் சொல்லிக் கல்யாணத்தை முடிப்பாக. நமக்கு ஒண்ணு போதும்லே. பய சட்டை போட்டிருந்தான்னு சொல்லிருவோம்.”

மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையில், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். பத்துப் பேர் என் வாயைப் பார்த்தால் எனக்கு நாக்கு நிற்காது. “வெள்ளைக்காரியைப் பலகையில படுக்கப்போட்டுத் தள்ளிவிடுற உத்தியோகம்” என்றேன். கடையே சிரித்தது. “தள்ள ஆள் பத்தலைன்னா நாங்களும் வாரோம்னு சொல்லுலே” என்றார் ஒருவர். எனக்குக் கள் குடித்ததுபோல இருந்தது.

மத்தியானத்துக்குள் அது வீட்டுக்கு வந்துவிட்டது. “இல்லாதவன்னு சொல்லட்டும், தாங்கிக்கிருவேன். ஊரு சிரிச்சா தாங்க மாட்டேன்” என்றார் அப்பா. சித்தப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். அத்தை அதன்பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

தங்கையைப் பெரியகுளத்தில் ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டைக்காரர். அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவளை அடிப்பார் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை அவர் இல்லாத நேரம் போயிருந்தேன். கேட்காமலே என் வாய் ஆரம்பித்தது. “அன்னைக்கு நான் பொய் ஒண்ணும் சொல்லலத்தா.”

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “பொய் சொல்லியிருந்தா நெசமான்னு யாராச்சும் கேட்டிருப்பாகண்ணே. நீ சிரிக்க வச்ச. சிரிச்சதுக்கப்புறம் யாரு கேப்பா?”

அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். இருந்து சாப்பிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை.