ஏடு தொடக்கிய நாளில் தமிழ் மறந்த பதினேழு கணினிகள்

விசயதசமியன்று பிள்ளைகள் அரிசியில் 'அ' எழுதப் பழகுவார்கள். அதே நாளில் எங்கள் பதினேழு கணினிகள் 'அ'வை மறந்தன. மறக்க வைத்தவன் நான்.

ஓய்வு பெறும்வரை செங்கலடியில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம். அதில் ஸ்டேபிள் என்றால் சோதித்துப் பூட்டிய பதிப்பு. பிழை திருத்தம் மட்டும் வரும். ரோலிங் என்றால் புதுசு வரவர வந்து இறங்கும். நான் ரோலிங் பைத்தியம். ஸ்டேபிள் போடுகிறவர்களைப் பழஞ்சோறு என்று நக்கலடிப்பேன்.

நவராத்திரி வாணி விழாவுக்குக் கூடத்தைப் பூட்டினோம். எல்லாக் கணினிகளுக்கும் பதிலாக ஒன்றைச் சரஸ்வதி படத்தடியில் வைத்து, நிலையப் பொறுப்பாசிரியை பூரணம் மிஸ் குங்குமம் இட்டார். பத்தாம் நாள் சுபவேளையில் நல்ல காரியம் தொடங்க வேண்டுமே! சேர்ந்து கிடந்த அப்டேட் முழுவதையும் மற்றப் பதினேழிலும் ஒரேயடியாக இறக்கினேன். ரீஸ்டார்ட் செய்தால் தமிழ் விசைப்பலகையைக் காணோம். எதை அழுத்தினாலும் ஆங்கில எழுத்துத்தான்.

மறுநாள் தமிழ்த் தட்டச்சுப் பரீட்சை. வாகரையிலிருந்து பஸ் மாறி வரும் வனிதாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வேலைக்கான வயதெல்லை தாண்டிவிடும்.

"வேல செய்யிறதக் கிண்டாதீங்க எண்டு எத்தின தரம் சொன்னன்?" என்றார் மிஸ்.

"புது வேர்ஷன் மிஸ்..."

"புதிசக் கொண்டுபோய் வாவியில போடுங்க! அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுறது?"

பதில் படத்தடியில் இருந்தது. அவல், கடலைக்கு நடுவே குந்தியிருந்த அந்தக் கணினியை நான் தொடவேயில்லை. அதில் தமிழ் பத்திரமாக இருந்தது. அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, மாலைக்குள் மற்றப் பதினேழிலும் ஏற்றினேன். மிஸ் பூசைக்காகத் திரையில் போட்டிருந்த சரஸ்வதியும் கூடவே போய்விட்டாள்.

காலையில் பரீட்சகர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "என்ன, எல்லாத்திலயும் சரஸ்வதி இரிக்கா?"

"பிள்ளைகளுக்குத் துணைக்கு, சேர்" என்றார் மிஸ்.

வனிதா பாஸ். நான் வெட்கத்தை விட்டு ஸ்டேபிளுக்கு மாறினேன். அதன் பிறகு எந்த அப்டேட்டும் முதலில் என் மேசைக் கணினியில் ஓடித் தேறித்தான் கூடத்துக்குப் போனது.

இப்போது வனிதா தன் அலுவலகத்திலிருந்து அழைக்கிறாள்.

"சேர், அப்டேட் செய்யட்டா எண்டு கேக்குது. ஓம் எண்டு அமத்தவா?"

"ஆக்கள் நிக்காங்களா?"

"ஓம், வாசல் வரைக்கும் வரிசை."

"அப்ப இப்ப அமத்தாத. முதல்ல உங்கட மனேஜர்ர கணினியில போட்டுப் பாரு."

"ஏன் சேர்?"

"அதுலதானே ஒரு வேலையும் நடக்கிறல்ல."