சேதம் சொற்பம்

போன வியாழக்கிழமை கன்னியம்மா என் வீட்டுக்கு வந்தார். (ஊர், பேர் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களுக்குப் பட்டு இழை சுற்றிக் கொடுப்பவர். கையில் பட்டாளத்துத் தபால் கார்டு ஒன்று, பழுப்பேறிப் போயிருந்தது.

நான் ஒரு வருஷமாக இரண்டாம் உலக யுத்தத்தைப் படித்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். தெருவுக்கும் தெரிந்துவிட்டது. எந்தத் தளபதி எந்த ஆற்றை எப்போது கடந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யார் கேட்கிறார்கள்?

கன்னியம்மா கேட்டார் — தளபதியைப் பற்றி அல்ல.

"பொண்ணுக்குக் கல்யாணம் சார். பத்திரிகை அடிக்கணும். அவ அப்பா பேருக்கு முன்னால 'திரு' போடறதா, 'காலஞ்சென்ற' போடறதான்னு ஏனாத்தூர் சம்பந்தி கேட்டுக்கினே இருக்காரு. நீங்கதான் யுத்தம் படிச்சவராச்சே."

புருஷன் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனபோது அந்தப் பெண் வயிற்றில். பிறகு சர்க்காரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் — 'காணவில்லை' என்று. இருபது வருஷமாகக் கன்னியம்மா பொட்டை அழிக்கவில்லை. 'காலஞ்சென்ற' என்று அச்சானால்? அழிக்க வேண்டும். மகளுக்குத் தாலி கட்டும்போது பந்தலின் ஓரமாக நிற்க வேண்டும். நம் வழக்கம் அப்படி... எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் அங்கிருந்து போட்ட அந்தக் கார்டில் இருந்த படைப்பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு மூன்று நாள் தேடினேன். மூன்று தடிப் புத்தகங்கள். தளபதி காலையில் என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் இருக்கிறது. கன்னியம்மா புருஷனின் பிரிவுக்குக் கிடைத்தது ஒரு வரி. பின்வாங்கும்போது ஆற்றைக் கடந்தார்கள், சேதம் சொற்பம்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துக் காட்டினேன்.

"சொற்பம்னா இன்னா சார்?"

"கொஞ்சம் பேர்தான் செத்தாங்கன்னு அர்த்தம்மா."

"அப்போ 'திரு'ன்னே போட்டுடலாம் இல்ல?"

பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அந்தக் கொஞ்சத்துல அவரும் இருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

கன்னியம்மா கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அவரு இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும் சார். இருந்தா வந்திருக்க மாட்டாரா? சம்பந்திகிட்ட காட்டறதுக்கு ஒரு புஸ்தகம் வேணும். முகூர்த்தத்துல எம் பொண்ணு பக்கத்துல நான் நிக்கணும், அவ்ளோதான்."

அந்த ஒரு வரியை எழுதிய மகராசன் யாரோ. மூன்று நாளாக அவன்மேல் இருந்த கோபம் அப்போதுதான் கொஞ்சம் தணிந்தது.

நேற்று சம்பந்தி என்னிடமே விசாரிக்க வந்துவிட்டார். மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் எடுத்து வைத்தேன். "ஆதாரம் இருக்குதுங்க, 'திரு'ன்னே போடுங்க" என்றேன் — சரித்திரம் படித்தவன் சொன்னால் மறுபேச்சு உண்டா?