மாவு அரைக்கும்போது டிஸ்க் எழுதக் கூடாது

காட்டுப்பாக்கத்தில் இருந்த என் மனைவியின் சித்தப்பா வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபோனபோது, பரணிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இறக்கி என் கையில் கொடுத்தார். எண்பதுகளில் ஆசைப்பட்டு வாங்கியதாம். டைப்ரைட்டருக்கு வயிறு வைத்தது போல இருந்தது. விசைப்பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள். டி.வி.யில் மாட்டினால்தான் படம் தெரியும். கூடவே ஒரு பிளாப்பி டிரைவும், பூஞ்சை வாசனை அடிக்கும் ஒரு டப்பா நிறைய பிளாப்பிகளும்.

“ஓடுமா ஓடாதான்னு தெரியல மாப்ளே. தூக்கிப் போட மனசு வரல. நீங்கதான் கம்ப்யூட்டர்லயே இருக்கீங்களே” என்றார்.

இருக்கிறேன், உண்மைதான். ஆனால் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்களை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவை ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு குளிர்ந்த கட்டடத்தில் இருக்கின்றன. கள்ளிக்குப்பத்து ஃபிளாட்டில் லுங்கியோடு உட்கார்ந்து அவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, கைக்கு எடையாக ஒரு கம்ப்யூட்டர் கிடைத்ததும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு வந்தேன். கால் டாக்சியில் மனைவியின் மடியில் பிளாப்பி டப்பா.

“இதெல்லாம் எங்க வைக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். பதில் வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

பவர் சப்ளையைப் பாடி ஏரியாவில் ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்த பிறகு, பெட்டி ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுத்து எழுந்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி எனக்காகக் காத்திருந்தது. ஆனால் அதற்குப் போட்டுக் காட்ட என்னிடம் எதுவுமில்லை. சென்னை ஈரம் பிளாப்பிகளைத் தின்றிருந்தது.

இணையத்தில் அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் கிடைக்கின்றன, டிஸ்க் இமேஜ் என்ற பெயரில். ஒரு பிளாப்பியில் இருந்த அத்தனையையும் ஒரு புள்ளி விடாமல் பிரதி எடுத்து ஒரே கோப்பாக்கியது அது. லேப்டாப்பில் இறக்கிக்கொள்ள ஒரு கண் சிமிட்டல் போதும். அதை அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு எப்படிக் கொடுப்பது? லேப்டாப்பில் பிளாப்பி நுழைய வாய் இல்லை. அந்தப் பெட்டியோ யு.எஸ்.பி. என்ற சொல்லையே கேட்டதில்லை. தேடிப் பார்த்ததில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு துளைதான் இருந்தது. பழைய பெட்டியின் முதுகில், அந்நாளில் டேப் ரிக்கார்டர் மாட்டுவதற்கு வைத்தது. லேப்டாப்பில் ஹெட்ஃபோன் மாட்டும் துளையிலிருந்து அதற்கு ஒரு ஒயர் இழுத்தால், லேப்டாப் அந்தக் கோப்பைச் சத்தமாக மாற்றிப் பாடும். பெட்டி அதைக் காதால் கேட்டு, பிளாப்பியில் எழுதிக்கொள்ளும்.

முதலில் எழுதுவதற்கு பிளாப்பி வேண்டுமே. இருந்தவற்றின் உறையை மேலே கீறி, உள்ளிருந்த வட்டத் தகட்டை எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் மெல்லக் கழுவி, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மேல்வீட்டு அக்கா கிரில் வழியாக எட்டிப் பார்த்தார்.

இந்த ஃபிளாட் எழும்புவதற்கு முன்னால் இதே மனையில் ஓட்டு வீடு கட்டி இருந்தவர் அவர். நிலத்தை பில்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு எங்கள் தலைக்கு மேலே உள்ள வீட்டை வாங்கிக்கொண்டார். கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்கிறார்.

“இன்னா நைனா, அப்பளம் தீஞ்சிப்போச்சா? கொடியில மாட்டிகினு கீற?”

“அப்பளம் இல்லக்கா. கம்ப்யூட்டர் பிளாப்பி. பூஞ்சை புடிச்சிருச்சு, கழுவிக் காயப்போடுறேன்.”

“எம் மாவுல பூஞ்ச புட்ச்சா நானு கொட்டிடுவேன். நீ கய்வி காயவெக்கிற. நல்லா கீது போ!”

காய்ந்ததை உறையில் திரும்பச் செருகி, ஒயரை மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினேன். லேப்டாப் பாடியது. பெட்டி கேட்டது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின. பாதி தாண்டியதும், பிழை என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றுபோனது. சத்தத்தைக் கூட்டினேன், பிழை. குறைத்தேன், பிழை. ஒயரை மாற்றினேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. டைனிங் டேபிளில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடமில்லாமல் என் மனைவி மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? மேல கிரைண்டர் ஓட ஆரம்பிச்சதும்தான் உங்க பெட்டி அழுவுது” என்றாள்.

நான் நம்பவில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினேன். மேலே ‘கடகட’ என்று கல் உருளத் தொடங்கியது. கீழே பிழை. என் மனைவி ரசத்தை உறிஞ்சினாள்.

மாடி ஏறினேன். அக்கா கை முழுக்க மாவோடு கதவைத் திறந்தார்.

“அக்கா, ஒரு உதவி. கிரைண்டரக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?”

“இன்னாத்துக்கு? சத்தமா கீதா?”

“அதில்லக்கா. நீங்க கிரைண்டர் போட்டா, என் கம்ப்யூட்டருக்குக் காது கேக்க மாட்டேங்குது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, என்னைக் கூட்டிப்போக என் மனைவி வந்திருக்கிறாளா என்பது போல எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

“இத்தினி வருசமா பரண்ல சும்மாத்தான கெடந்துச்சி அது? இன்னிக்கி இன்னா அவுசரம் அதுக்கு? எம் மாவு பொங்கணும் நைனா. சாய்ங்காலம் ஆளுங்க பாத்திரத்த தூக்கினு வந்து நிப்பாங்க.”

நியாயம்தான். நான் படியிறங்கப் போனபோது அவரே கூப்பிட்டார்.

“ஏய், நில்லு. உளுந்து எட்த்துட்டு அரிசி போடறதுக்கு முன்ன குந்தி ஒரு டீ குடிப்பேன். அப்ப ஓட்டிக்கோ. கரண்டியால கிரில்ல தட்றேன்.”

அப்படியே செய்தார். ‘டங் டங்’ என்று கிரில் அதிர்ந்ததும் தொடங்கினேன். புள்ளிகள் ஓடின. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. என் மனைவிகூடத் தட்டை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். முடிய இன்னும் சில புள்ளிகளே பாக்கி. அப்போது வாசலில் காலிங் பெல் அடித்தது.

பிழை.

கதவைத் திறந்தேன். கையில் டீ டம்ளரோடு அக்கா.

“இன்னா, முட்ஞ்சிச்சா?”

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் மனைவி சமையலறைக்குள் ஓட, அங்கிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பெல்லு கூடவா ஆவாது? உன் பொட்டிக்கி ரோஷம் ஜாஸ்திதான். சரி உடு, அரிசி இன்னும் கொஞ்சம் ஊறட்டும். நானே குந்திகினு பாக்கறேன், எவன் வந்து பெல் அட்ச்சிட்றான்னு.”

நாற்காலியை வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடங்குமுன் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பைப் பாடவிட்டேன். ‘கீஈஈச்ச்’ என்று ஒரு கீச்சல், இடையிடையே கொரகொரப்பு. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கொசுங்கல்லாம் ஒண்ணா சேந்து ஊர்கோலம் போறாமாரி கீது.”

இத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தகவல் என்று நாங்கள் சொல்கிற ஒன்றைக் காதால் கேட்டது எனக்கும் அப்போதுதான். அதைவிட நல்ல வர்ணனை எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி ஒயரை மாட்டினேன். அக்கா சைகை காட்ட, என் மனைவி ஃபிரிஜ்ஜை அணைத்தாள். ஃபேனையும் அணைத்தாள். மே மாத மதியம். மூன்று பேரும் பரீட்சை ஹாலில் இருப்பது போல வேர்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் புள்ளிகளைப் பார்த்தோம். கடைசிப் புள்ளி விழுந்தது. ‘முடிந்தது’ என்று திரை சொன்னது. நான் பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட, டிரைவ் ‘கர்ர்ர் டக டக டக’ என்று கத்தியது.

“உடு உடு, ஒட்ஞ்சிடப் போவுது!” என்று அக்கா எழுந்துவிட்டார்.

“அது நல்லா இருந்தாலே அப்படித்தான்க்கா கத்தும்.”

டி.வி.யில் ஆட்டம் வந்தது. செங்கல் சுவரைப் பந்தால் அடித்து உடைக்கிற ஆட்டம். மட்டையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த, பெட்டியோடு வந்த ஒயர் வைத்த ஒரு திருகு குமிழ். நான் முதலில் ஆடினேன். மட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவியது, பந்து நடுவில் விழுந்தது. என் மனைவி கொஞ்சம் தேவலை. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திருகை வாங்கினார்.

“இது கேஸ் அடுப்பு மாரிதான? சிம்ல வெக்கணும். நீ ஃபுல்லுல வெச்சா பொங்கத்தான் பொங்கும்.”

ஒரு நூல் அளவுதான் திருப்பினார். சுவர் முழுவதும் போய், இரண்டாவது சுவர் வந்து, அதிலும் பாதி போனது. மாடியில் அரிசி ஊறிக்கொண்டே இருந்தது. அன்று மாவு தாமதமாகக் கிடைத்தவர்களிடம் காரணத்தை என்னவென்று சொன்னாரோ தெரியாது.

இரண்டொரு வாரம் கழித்து, அலுவலகத்தில் இந்தக் கதையைக் கேட்ட ஒருவர், “லேப்டாப் சார்ஜர்ல இருக்கும்போதா ஓட்டுறீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், கரண்டில் வருகிற இரைச்சல் அந்த வழியாகத்தான் நுழைகிறது என்றார். அந்த ஞாயிறு மேலே கிரைண்டர் முழு வேகத்தில் ஓட, கீழே ஒரு டிஸ்க் பிசிறில்லாமல் எழுதி முடிந்தது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, கூடவே ஓர் ஏமாற்றமும்.

மேலே போய்ச் சொன்னேன்.

“அப்ப இனிமே நானு வந்து காவலுக்கு குந்த வேணாவா?” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“காவலுக்கு வேணாம்க்கா. ஆடறதுக்கு வாங்க.”

“அத்தச் சொல்லு மொதல்ல! ஆமா, அதுல சீட்டாட்டம் கீதா?”

தேடினேன். இருந்தது. டிஸ்க் இமேஜை இறக்கி, கழுவிய பிளாப்பியில் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அரைத்து முடித்த மாவைத் தூக்குவாளியோடு கீழேயே கொண்டுவந்துவிடுகிறார். சாயங்காலமானால் தெருக்காரர்கள் எங்கள் வீட்டு பெல்லை அடித்துப் பாத்திரத்தை நீட்டுகிறார்கள். அக்கா டி.வி.யிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. என் மனைவிதான் எழுந்துபோய் அளந்து ஊற்றுகிறாள். போன வாரம் ஒருவர் என்னிடம், “சார், மாவு பிசினஸ் எப்ப ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டார்.